கர்நாடக வண்டி வாங்குவோர் கவனத்திற்கு



பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் மளிகை, காய்கனி, தானியம், புளி வணிகம் செய்யும் நம்மில் பலருக்கு இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இல்லாமல் தொழில் ஓடுவதில்லை. மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுத்து வரவும், கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடவும் வாடகை வண்டியை நம்பியிருந்தால், வருகிற லாபத்தில் ஒரு பகுதி வாடகைக்கே போய்விடுகிறது. புது வண்டி வாங்கலாம் என்றால் விலை கட்டுப்படியாவதில்லை. ஆகவே நமது பார்வை பழைய வண்டியின் மீது விழுகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக அரை நாளில் போய்ச் சேரக் கூடிய பெங்களூரில் பழைய வண்டிகள் ஏராளம். இதே மாடல், இதே வருஷத்து வண்டி இங்கே கேட்கும் விலையைவிட அங்கே குறைவு என்று தரகர் சொன்னதும் மனம் அங்கே ஓடிவிடுகிறது.

வாங்குவதில் தவறில்லை. முறையாக வாங்கி, முறையாகப் பதிவை மாற்றி, பல வருஷம் நிம்மதியாக ஓட்டி வருபவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் விலையை மட்டும் பார்த்து, காகிதங்களைப் பின்னால் பார்த்துக் கொள்ளலாம் என்று வண்டியை ஓட்டி வந்துவிட்டால், மிச்சம் பிடித்த பணமும் போய், வண்டியும் கடை வாசலில் மாதக் கணக்கில் நின்றுவிடும். எனவே வெளி மாநில வண்டியை வாங்கித் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும் முறையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே விளக்குகிறோம்.

வெளிநாட்டு வண்டி வேண்டவே வேண்டாம்

முதலில் ஒரு எச்சரிக்கை. 'பூட்டானிலிருந்து வந்த வண்டி, ராணுவத்தில் ஏலம் விட்டது, பாதி விலை' என்று யாரேனும் ஆசை காட்டினால் காது கொடுக்க வேண்டாம். பழைய வாகனத்தை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யச் சட்டம் அடியோடு தடை விதிக்கவில்லைதான். ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆன வண்டியாக இருக்கக் கூடாது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்டதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டுமே தவிர, சாலை வழியாக எல்லையைத் தாண்டி ஓட்டி வந்து இங்கே விற்க முடியாது. வரிகள் எல்லாம் சேர்ந்து வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். அப்படியிருக்க, பாதி விலைக்கு ஒரு வெளிநாட்டு வண்டி எப்படிக் கிடைக்கும் என்று கணக்குத் தெரிந்த வணிகர் யோசித்துப் பார்த்தாலே போதும்.

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறையினர் 'நும்கோர்' என்ற பெயரில் பெரிய சோதனை ஒன்றை நடத்தினர். பூட்டான் நாட்டு மொழியில் நும்கோர் என்றால் வாகனம். அங்கிருந்து பழைய சொகுசு வண்டிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டு வந்து, வட மாநிலங்களில் போலிக் காகிதங்கள் மூலம் பதிவு செய்து, பிறகு கேரளத்தில் விற்றிருக்கிறார்கள் என்பது சுங்கத் துறை கூறிய குற்றச்சாட்டு. சினிமா நடிகர்களின் வீடுகள் உட்படப் பல இடங்களில் சோதனை நடந்து, 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் கைப்பற்றப்பட்டன. இதில் நாம் தெரிந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சுங்கச் சட்டப்படி கள்ள வழியில் வந்த பொருள் யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உரியது. 'நான் நாலாவது கை, எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது தண்டனையிலிருந்து தப்பிக்க உதவலாம். வண்டியைக் காப்பாற்ற உதவுமென்று நம்பியிருக்க முடியாது.

ஒரு வருஷம் ஓட்டலாம் என்பது சரியா?

பக்கத்து மாநில வண்டிக்கு வருவோம். 'கே.ஏ. நம்பரிலேயே ஒரு வருஷம் ஓட்டலாம், அதற்குப் பிறகு மாற்றிக் கொள்ளலாம்' என்ற பேச்சு நம் வட்டாரத்தில் பரவலாக உள்ளது. இது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது.

1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் பெற வேண்டும் என்று சொல்கிறது. பெங்களூரில் வேலை பார்த்த ஒருவர் தமது சொந்த வண்டியுடன் மாற்றலாகித் தருமபுரிக்கு வந்தால் இந்தப் பிரிவு அவருக்குப் பயன்படும். நாம் செய்வது அதுவல்ல. நாம் வண்டியை விலைக்கு வாங்குகிறோம். விலைக்கு வாங்கியவருக்கு உரியது 50-ஆம் பிரிவு. அதன்படி வண்டியை வாங்கியவர் 30 நாட்களுக்குள் தமது வசிப்பிடம் அல்லது தொழில் நடத்தும் இடத்துக்கு உரிய பதிவு அலுவலகத்தில் உரிமை மாற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றவர் தமது கடமையை 45 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஆகவே வாங்கியவருக்கு ஒரு வருஷ அவகாசம் கிடையாது.

வரி என்பது மேலும் தனியான விஷயம். கர்நாடகத்தில் வரி கட்டியாகிவிட்டது என்பதால் தமிழ்நாட்டில் வண்டியைத் தொழிலுக்கு ஓட்டிவிட முடியாது. நம் மாநிலத்துக்கு உரிய வரியைக் கட்டாத வண்டியைச் சாலையில் தடுத்து நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. தக்காளியோ கீரையோ ஏற்றிய வண்டி ஒரு பகல் நின்றுவிட்டால் அபராதத்தைவிடச் சரக்கு நஷ்டம் பெரிதாகிவிடும்.

எந்த வகை வண்டி என்று முதலில் முடிவு செய்க

சொந்த உபயோகக் கார் வேறு, சரக்கு வண்டி வேறு. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து போக்குவரத்து வண்டி. ஆம்னி போன்ற சொந்த வண்டியின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அரிசி மூட்டை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. இது பதிவு விதிக்கும் இன்சூரன்சுக்கும் விரோதமானது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இதைக் காரணம் காட்டிக் கையை விரிக்க இடமுண்டு.

சரக்கு வண்டி வாங்குவோருக்கு இரண்டு சாதகமான செய்திகள். ஒன்று: சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 66-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நம் கடைகளில் ஓடும் சின்ன யானை வகை வண்டிகள் இதில் அடங்கும். பெர்மிட் வேண்டாம் என்றால் எஃப்.சி.யும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்று பொருள் கொள்ளக் கூடாது; அவை கட்டாயம். இரண்டு: இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது. ஆகவே கடைப் பையனிடம் கார் லைசென்ஸ் இருந்தால் சிறு சரக்கு வண்டிக்கு அதுவே போதும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டியின் எஞ்சினைப் பார்க்க மெக்கானிக்கை அழைத்துப் போகிறோம். காகிதத்தைப் பார்க்க யாரையும் அழைத்துப் போவதில்லை. அட்வான்ஸ் தொகையை எடுத்து நீட்டும் முன் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

ஆர்.சி.யில் உள்ள பெயர்: விற்பவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் ஒருவர்தானா? 'அவரிடம் இவர் வாங்கினார், இவரிடம் நான் வாங்கினேன், படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்' என்றால் அந்த வண்டி வேண்டாம். கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை நம்பி வாங்கியவர்கள், முதல் உரிமையாளரைத் தேடி பெங்களூர் முழுவதும் அலைய நேரிடும். ஆர்.சி.யில் உள்ளவர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசுகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொண்டு பிறகு விற்கட்டும்.

சேசிஸ் எண், எஞ்சின் எண்: ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொள்ளுங்கள். எண் உள்ள இடத்தில் ராவிய அடையாளமோ புதிதாக வெல்டிங் செய்த தழும்போ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கடன் பாக்கி: ஆர்.சி.யில் வங்கி அல்லது பைனான்ஸ் கம்பெனியின் பெயர் பதிவாகியிருந்தால், அவர்கள் சம்மதமின்றி வண்டி கை மாறாது. கடன் தீர்ந்துவிட்டது என்ற வாய் வார்த்தை போதாது. அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் கடிதமும் இருக்க வேண்டும். அதைக் கொண்டு ஆர்.சி.யில் உள்ள பெயரை நீக்கிய பிறகே பேச்சை முடியுங்கள்.

திருட்டு வழக்கு: தேசியக் குற்றப் பதிவுகள் அமைப்பின் இணைய தளத்தில் வண்டியின் பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் கொடுத்தால், திருட்டுப் புகார் உள்ளதா என்று பார்த்துச் சான்று எடுத்துக் கொள்ளலாம். அவ்வளவு எளிதான சோதனையைச் செய்யாமல் லட்சக் கணக்கில் பணம் கொடுப்பது விவேகமல்ல.

அபராதப் பாக்கி: பெங்களூர் நகரில் கேமரா மூலம் அபராதம் விதிக்கிறார்கள். உரிமையாளருக்கே தெரியாமல் பத்து, இருபது அபராதங்கள் சேர்ந்து கிடக்கும். பாக்கிகள் சேர்ந்து போனதால் கர்நாடக அரசே 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று சலுகை அறிவித்தது என்றால் நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்திலும் பெங்களூர் போக்குவரத்துப் போலீஸ் தளத்திலும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, பாக்கி முழுவதையும் விற்பவரே கட்ட வேண்டும் என்று பேசிக் கொள்ளுங்கள்.

வயதும் எஃப்.சி.யும்: சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருஷந்தோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம் வரை செல்லும். அதன் பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் முடிந்த காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆயிற்று. 20 வருஷத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. பழைய கார் மலிவாகத் தெரிவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி

பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்றே தொழில் நடத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வண்டியின் சொந்தக்காரர் அதை இப்படிப்பட்ட வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது அந்தச் செய்தியைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அதன் பிறகு வண்டிக்கு வியாபாரியே பொறுப்பாளி. ஆகவே, 'உங்களுக்கு அங்கீகாரச் சான்று உண்டா? இந்த வண்டி உங்கள் பொறுப்பில் இருப்பதாகத் தெரிவித்துள்ளீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். நம்மிடம் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று கேட்டுச் சரக்கு போடும் மொத்த வியாபாரி இல்லையா? அதுபோலத்தான் இதுவும்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்

நாம் வணிகர்கள்; கணக்குக் காட்ட வேண்டியவர்கள். ஒரே பேரத்துக்காக ஒருவர் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதோடு, கடைக்காக வாங்கும் வண்டிக்கு ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை வண்டியின் அடக்க விலையில் சேராது. அதற்குத் தேய்மானமும் கிடைக்காது. ஆகவே வங்கி மூலம், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கோ அங்கீகாரம் பெற்ற வியாபாரியின் கணக்குக்கோ அனுப்புங்கள். நாளை தகராறு வந்தால் வங்கிப் பதிவே முதல் சாட்சி.

பணம் கொடுத்ததும் டெலிவரி நோட் எழுதிக் கொள்வது அவசியம். அதில் தேதி மட்டுமின்றி மணியும் இருக்க வேண்டும். அந்த மணிக்கு முன் வண்டியால் நேர்ந்த வழக்கு விற்றவருடையது, பின் நேர்ந்தது நம்முடையது என்று காட்ட அதுவே ஆதாரம். விற்றவரின் ஆதார், பான் நகல்களையும் அதனுடன் இணைத்து வையுங்கள்.

என்.ஓ.சி. இல்லாமல் முழுத் தொகை கூடாது

வெளி மாநிலப் பதிவு மாற்றத்தின் உயிர்நாடி தடையின்மைச் சான்று எனப்படும் என்.ஓ.சி. இதற்கு 28-ஆம் எண் படிவம். வண்டி பதிவான கர்நாடக அலுவலகத்தில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த ஊர் அலுவலகத்துக்கு மாற்றம் என்பதையும் குறிப்பிட வேண்டும். நம் மாவட்ட வண்டிகளுக்கு டி.என்.29 எண் வழங்கப்படுகிறது. தருமபுரி மாவட்டத்தில் நமது முகவரி எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறதோ அதன் பெயரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி என்றோ ஓசூர் என்றோ தவறாக எழுதிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும்.

விண்ணப்பம் வந்ததும் அந்த அலுவலகம், வண்டி மீது திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கையைப் பெற்று, வரிப் பாக்கி இல்லை என்பதையும் பார்த்துச் சான்று வழங்கும். கொடுக்க முடியாது என்றால் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் மறுப்பு ஏதும் வராவிட்டால் சான்று கொடுத்ததாகவே கருதப்படும் என்று 48-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த நிலையில் விண்ணப்பம் கொடுத்த ஒப்புகைச் சீட்டும், மறுப்பு வரவில்லை என்ற உறுதிமொழியும் உதவும். ஆகவே ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வாங்கி வையுங்கள்.

பணம் கொடுக்கும் முறை பற்றி ஒரு யோசனை. பேசிய விலையில் ஒரு சிறு பகுதியை அட்வான்சாகக் கொடுத்து, என்.ஓ.சி. கைக்கு வந்த அன்று மீதித் தொகையைக் கொடுத்து வண்டியை எடுங்கள். முழுத் தொகையும் போய்ச் சேர்ந்த பிறகு, விற்றவர் பதிவு அலுவலகத்துக்கு நடப்பார் என்று எதிர்பார்ப்பது பாவம், மனித சுபாவத்தை அறியாதவர் செய்யும் காரியம்.

நம் ஊர் அலுவலகத்தில் செய்ய வேண்டியவை

என்.ஓ.சி.யுடன் வந்ததும் 30 நாட்களுக்குள் இங்கே விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பதிவு எண்ணுக்கு 27-ஆம் படிவம். உரிமை மாற்றத்துக்கு விற்றவர் கையெழுத்திட்ட 29-ஆம் படிவமும், இருவரும் கையெழுத்திட்ட 30-ஆம் படிவமும். வங்கிக் கடனில் வாங்கினால் அதற்கு 34-ஆம் படிவம். இவற்றுடன் அசல் ஆர்.சி., என்.ஓ.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் நகல், சேசிஸ் பென்சில் அச்சு, சரக்கு வண்டியானால் எஃப்.சி. ஆகியவை தேவை. கடையின் பெயரில் வண்டியை வைக்க விரும்பினால் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றும், கூட்டு வணிகமானால் கூட்டு ஒப்பந்த நகலும் கொண்டு செல்லுங்கள். விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் பதிந்து கட்டணம் செலுத்திய பிறகு, வண்டியை ஆய்வாளரிடம் நேரில் காட்ட வேண்டும்.

கட்டணங்கள் பெரிய தொகை அல்ல, வரிதான் பெரிது. சொந்த உபயோகக் காருக்கு வாழ்நாள் வரி. வண்டியின் விலை, வயது இரண்டையும் கொண்டு அது கணக்கிடப்படும். சரக்கு வண்டிக்கு எடையைப் பொறுத்த வரி. ஏழு வருஷம் முடிந்த போக்குவரத்து வண்டிக்குப் பசுமை வரியும் சேரும். எனவே பேரத்தை முடிக்கும் முன்னரே ஆர்.சி. நகலை நம் ஊர் அலுவலகத்தில் காட்டி, எவ்வளவு வரி வரும் என்று கேட்டு எழுதிக் கொண்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.

கர்நாடகத்தில் வாழ்நாள் வரி கட்டிய வண்டி நிரந்தரமாக வெளியே போய்விட்டால், மீதமுள்ள காலத்துக்கு உரிய பகுதியைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. இங்கே புதுப் பதிவு ஆனதற்கான ஆதாரத்துடன் அங்குள்ள அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தொகை விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதை விலை பேசும்போதே தீர்மானித்து எழுதிக் கொள்ளாவிட்டால் பிறகு மனக் கசப்புதான் மிஞ்சும்.

இன்சூரன்ஸ்: கண்ணுக்குத் தெரியாத பள்ளம்

வண்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்சூரன்ஸ் இன்னும் பெங்களூர்க்காரர் பெயரில் இருக்கிறது. இதனால் என்ன என்று கேட்போர் உண்டு. வண்டி கை மாறியதும், மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வாங்கியவருக்குத் தானாக மாறியதாகவே 157-ஆம் பிரிவு கருதுகிறது. ஆனால் நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அதாவது, தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து நொறுங்கினால், பாலிசி நம் பெயருக்கு மாறியிராத நிலையில், நொறுங்கிய வண்டிக்கு நஷ்ட ஈடு கேட்க நமக்கு வழியில்லை. ஆகவே 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விண்ணப்பித்துப் பெயரை மாற்றுங்கள். அல்லது நம் பெயரிலேயே புதுப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

லாபமா நஷ்டமா?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நாம் வைத்துக் கொண்ட தொகைகள் இவை. வண்டிக்கு வண்டி மாறும். ஒரு சரக்கு வண்டி இங்கே ரூ.3,70,000, பெங்களூரில் ரூ.3,10,000. வித்தியாசம் ரூ.60,000.

காகிதம் பார்க்காமல் வாங்கியவர் செலவு: தரகு ரூ.5,000, என்.ஓ.சி.க்காகப் பலமுறை அலைந்த செலவு ரூ.5,000, பழைய அபராதம் ரூ.4,000, வரி ரூ.18,000; எஃப்.சி.க்கான வேலை ரூ.15,000, வண்டி 20 நாள் நின்றதால் வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு ரூ.1,200 வீதம் ரூ.24,000. மொத்தம் ரூ.71,000. மிச்சம் பிடித்த ரூ.60,000-ம் போய், கையிலிருந்து ரூ.11,000 நஷ்டம்.

காகிதங்களைச் சரிபார்த்து, என்.ஓ.சி. கைக்கு வந்த பின் எடுத்தவர் செலவு: அபராதத்தை விற்றவரே கட்டிவிட்டார், வண்டி நின்றது ஐந்தே நாள், அதற்கு ரூ.6,000. மற்றவை அதே தொகை. மொத்தம் ரூ.49,000. இவருக்கு ரூ.11,000 லாபம்.

வண்டி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். லாபம் பெங்களூர் விலையில் மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். வித்தியாசம் முப்பதாயிரம், நாற்பதாயிரம்தான் என்றால் நம் மாவட்டத்து வண்டியையே வாங்குவது உத்தமம்.

நம் பழைய வண்டியை விற்கும்போது

புது வண்டி வந்ததும் பழையதை விற்போம். அப்போது நாம் விற்பவர் இடத்தில் இருக்கிறோம். பணம் வந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று இருந்துவிட்டால் ஆபத்து நம்மைத் தேடி வரும். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி ஒருவரிடமிருந்து ஒருவராகப் பலரிடம் போயிருந்தது. ஆனாலும் பெயர் மாற்றாத முதல் உரிமையாளர்தான் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. விற்றுப் பல மாதம் கழித்து, முகம் தெரியாத ஒருவர் செய்த விபத்துக்காகக் கடையும் வீடும் ஜப்திக்கு உள்ளாகும் நிலை யாருக்கும் வேண்டாம். ஆகவே வாங்குபவர் பெயருக்குப் பதிவு மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக் கணக்கில் தேய்மானம் எழுதிய வண்டியை விற்கும்போது, தேய்மானம் போக உள்ள மதிப்பைவிடக் கூடுதல் விலை கிடைத்தால், அந்தக் கூடுதலுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் இந்த விகிதம் 18 சதவீதம். கூடுதல் இல்லை என்றால் வரியும் இல்லை. விற்கும் முன் உங்கள் கணக்காளரைக் கலந்து கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான்: முதலில் ஆர்.சி. நகலைப் பார்ப்பது, அடுத்துக் கடன், திருட்டு, அபராதம் மூன்றையும் சரிபார்ப்பது, பின் இங்குள்ள வரியைக் கேட்டுத் தெரிந்து கொள்வது, அதன் பிறகே விலை பேசிச் சிறு அட்வான்ஸ் கொடுப்பது, என்.ஓ.சி. வந்த பின் வங்கி மூலம் மீதிப் பணம், டெலிவரி நோட், 14 நாளில் இன்சூரன்ஸ், 30 நாளில் பதிவு. இந்த வரிசை மாறாமல் நடந்தால் எந்த மாநில வண்டியானாலும் நமக்குப் பயமில்லை. மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் துவரம்பருப்பு வாங்காத நாம், லட்சக் கணக்கில் விலை போகும் வண்டியையும் அதே கவனத்தோடு வாங்குவோமாக. இப்பக்கங்களைக் கத்தரித்துக் கல்லா மேசையில் வைத்துக் கொள்ளுமாறும், வண்டி வாங்க இருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் காட்டுமாறும் உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.